தீமைக்குத் தனி இருப்பு உண்டா?

தீமை என்று தனியாக ஒன்று இல்லை, நன்மை குறைந்துபோன இடமே தீமை என்றார் புனித அகஸ்டின். 1920களில் பெர்லினில் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் புற்றுநோயைப் பற்றிச் சொன்னதிலும் அதே சாயல் இருந்தது.

எலியின் கட்டியை மெல்லிய சீவல்களாக அரிந்து, அது உண்ணும் சர்க்கரையையும் விடும் வாயுவையும் அளந்தார் அவர். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தபோதும் கட்டி குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாகப் புளிக்கவைத்துக் கழித்தது. முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸில் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி சுமார் 30 கிடைக்கும். இந்த வழியில் 2தான். செல்லின் சுவாசம் பழுதாகிவிட்டது, அந்தக் குறையே நோய்க்கு வேர் என்று முடிவுகட்டினார் வார்பர்க்.

அவர் அளந்தது சரி. முடிவுதான் சரியில்லை. பெரும்பாலான கட்டிகளில், செல்லின் சுவாசம் நடக்கும் மைட்டோகாண்டிரியா நன்றாகவே இயங்குகிறது. செல்லை இந்த வழிக்குத் திருப்புபவை ராஸ், மிக் போன்ற மரபணுக்கள். குளுக்கோஸ் நுழையும் வாசல்களைச் செல்லின் மேற்பரப்பில் பெருக்குகிறது ராஸ். லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நொதியைக் கூட்டி, குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் இழுத்துக்கொள்கிறது மிக். வீடு கட்டுகிறவன் மரத்தை அடுப்பில் வைக்காமல் உத்திரத்துக்கு ஒதுக்குவதைப் போல, பெருகும் செல் சர்க்கரையில் ஒரு பங்கை எரிக்காமல் புதிய சவ்வுக்கும் டிஎன்ஏவுக்கும் ஒதுக்குகிறது.

இத்தகைய மரபணுக்கள் அந்நியமானவை அல்ல. கோழிக்குப் புற்று தரும் வைரஸின் மரபணுவுக்கு மூலம் நலமான கோழியின் செல்லிலேயே இருப்பதை 1976இல் ஆய்வாளர்கள் பிஷப், வார்மஸ் ஆகியோரின் குழு காட்டியது. கரு வளர மிக் வேண்டும். கிருமியை எதிர்க்கப் பெருகும் வெள்ளணுக்களும் அதே மிக்கைத்தான் முடுக்குகின்றன, அதே முறையில்தான் சர்க்கரையைப் புளிக்கவைக்கின்றன. வேலை முடிந்ததும் அவை அடங்கிவிடுகின்றன, புற்றுச்செல் அடங்குவதில்லை.

ஆகவே குறை என்ற விளக்கம் இங்கே பொருந்தவில்லை. நல்லவை ஒழுங்கு பிறழ்வதே தீமை என்று அகஸ்டின் வேறோர் இடத்தில் சொன்னது இன்னும் நெருங்கி வருகிறது. ஆனால் அவர் அந்தப் பிறழ்வை மனத்தின் விருப்பத்தில் வைத்தார். செல்லுக்கு விருப்பம் ஏது? புகையிலை மரபணுவைச் சிதைக்கிறது என்பது உண்மை; அது காரணம், தண்டனை அல்ல.

“என்ன பாவம் செய்தோமோ” என்று நோயாளியின் வீட்டில் எழும் குரலுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். உகாண்டாவில் குழந்தைகளின் தாடையில் வீங்கும் கட்டியை 1958இல் விவரித்தார் அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட். இத்தகைய கட்டிகள் பலவற்றின் செல்களில், 8ஆம் குரோமோசோமில் இருக்க வேண்டிய மிக், இடம்பெயர்ந்து 14ஆம் குரோமோசோமில் எதிர்ப்புரதம் தயாரிக்கும் மரபணுவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பின்னர் தெரியவந்தது. உடலைக் காக்க எப்போதும் முடுக்கிவிடப்பட்டிருக்கும் இடம் அது. பக்கத்தில் வந்த மிக்கும் ஓயாமல் முடுக்கப்பட்டது. இதில் பிள்ளையின் பாவமும் இல்லை, பெற்றோரின் பாவமும் இல்லை. பர்கிட் சைக்ளோபாஸ்பமைடு மருந்தைக் கொடுத்தபோது பல குழந்தைகளின் கட்டி கரைந்தது.