பெயர் போடாத கட்டம்

ஹௌமேயா என்று ஒரு குறுங்கோள் இருக்கிறது. நெப்டியூனுக்கு அப்பால், சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 285 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் பனி மூடிய பாறை. நான்கு மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடும். அந்த வேகத்தில் இழுபட்டு முட்டை மாதிரி நீண்டுபோயிருக்கிறது. இரண்டு நிலவுகள் வேறு. எனக்கு அதில் பிடித்தது ஒரு காலிக் கட்டம். கண்டுபிடித்த நாள், 2003 மார்ச் 7. இடம், ஸ்பெயினின் சியெரா நெவாடா வானாய்வகம். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் யாருமில்லை. 2008ல் சர்வதேச வானியல் ஒன்றியம் பெயர் சூட்டியபோதும் அதை நிரப்பவில்லை. சூட்டிய பெயரோ ஸ்பெயின்காரர்கள் கேட்டதல்ல, அமெரிக்கர்கள் கேட்டது.

கதை இதுதான். 2004 டிசம்பர் கடைசியில், கால்டெக்கின் மைக் பிரவுன் குழு, அந்த ஆண்டு மே மாதம் எடுத்த படங்களில் பிரகாசமான புள்ளி ஒன்று நகர்வதைப் பார்த்தது. கிறிஸ்துமஸ் சமயம் என்பதால் 'சாண்டா' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். ஆனால் வெளியே சொல்லவில்லை. முழுசாக ஆராய்ந்து, கட்டுரை எழுதி, அப்புறம் அறிவிக்கலாம் என்று இருந்துவிட்டார்கள். ஏழு மாதம் ஓடியது. 2005 ஜூலையில், ஒரு மாநாட்டுக்கான உரைச்சுருக்கம் இணையத்தில் வந்தது. அதில் அந்தப் பொருளை 'கே40506ஏ' என்ற குறியீட்டால் சொல்லியிருந்தார்கள்.

ஜூலை 27 அன்று, ஸ்பெயினிலிருந்து ஹோசே லூயிஸ் ஓர்த்திஸும் பாப்லோ சாந்தோஸ் சான்ஸும் மைனர் பிளானட் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2003ல் தாங்கள் எடுத்த படங்களில் புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது என்று. அதே சாண்டா. பிரவுன் முதலில் வாழ்த்துதான் சொன்னார். பிறகுதான் சர்வர் லாக்கைப் பார்த்தார்கள். சிலியில் உள்ள ஒரு தொலைநோக்கி எந்த இரவில் வானத்தின் எந்த இடத்தைப் பார்த்தது என்ற பதிவேடு, கடவுச்சொல் எதுவும் இல்லாத வலைப்பக்கத்தில் கிடந்தது. அந்தக் குறியீட்டை கூகுளில் போட்டால் வந்துவிடும். மின்னஞ்சலுக்கு முந்தைய நாள், ஓர்த்திஸின் நிறுவனத்து ஐபி முகவரியிலிருந்து யாரோ அதைத் திறந்திருந்தார்கள். ஆமாம் பார்த்தோம், நாங்கள் கண்டதும் அதுவும் ஒன்றா என்று சரிபார்க்கத்தான் என்றார் ஓர்த்திஸ் பின்னால். பொதுவெளியில் கிடப்பதைப் பார்த்தால் தப்பா? ஏழு மாதம் ஒளித்துவைத்தது மட்டும் சரியா?

இதை முதன்முதலில் படித்தபோது நான் ஓர்த்திஸ் கட்சி. திறந்த யூஆர்எல்லைத் திறந்ததற்குத் திருட்டுப் பட்டமா, பூட்டத் தெரியாதது அவர்கள் பிழைதானே என்று கம்ப்யூட்டர்காரனின் திமிரோடு நினைத்தேன். இப்போது அந்த வாதம் கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது என்பது நான் ஏன் உள்ளே போனேன் என்பதற்குப் பதில் இல்லையே. அதற்காகப் பிரவுன் பக்கம் போய்விட்டேன் என்றும் இல்லை. ஒளித்துவைத்ததில் அவருக்கு வசதி இருந்தது. அவசரம் வந்ததும், கையில் வைத்திருந்த ஏரிஸையும் மாகேமாகேயையும் ஜூலை 29 அன்று ஒரே நாளில் அறிவிக்க முடிந்ததே!

'முதலில் பார்த்தவர்' என்பதும் சிக்கலான சங்கதிதான். 1955ல் பாலமார் வானாய்வகம் எடுத்த புகைப்படத் தகட்டிலேயே ஹௌமேயா விழுந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. ஸ்பெயின் படங்களும் இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் கிடந்தன. ஒளி தகட்டில் விழுவது வேறு, ஒருவர் அதைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவது வேறு.

என்னை உறுத்துவது, அந்த மின்னஞ்சலில் எழுதப்படாத ஒரு வரி. 'நேற்று உங்கள் பதிவேட்டைப் பார்த்தோம்.' இதை எழுதியிருந்தால் சண்டை பெரும்பாலும் நடந்திருக்காது. எழுதாததால், அவர்கள் முன்பே கண்டுபிடித்திருந்தாலும்கூட அதை நிரூபிக்க வழியில்லாமல் போய்விட்டது. ஓர்த்திஸ் ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. 2017 ஜனவரியில் ஹௌமேயா ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, ஐரோப்பாவின் பல வானாய்வகங்களை ஒருங்கிணைத்து, அதைச் சுற்றி ஒரு வளையம் இருப்பதைக் கண்டுபிடித்த குழுவுக்கு அவர்தான் தலைமை. அதனால் 2005ல் அவர் சொன்னது உண்மை என்றாகிவிடுமா? ஆகாது. பொய் என்றும் ஆகாது.

எனக்கு இதில் நடுவர் வேலை பார்க்கத் தகுதி கிடையாது. சில வருஷம் முன்பு எங்கள் சர்வர் ஒன்று நள்ளிரவில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நேர மண்டலக் கணக்கில்தான் ஏதோ பிழை என்று சந்தேகம் வந்திருந்தது. அல்லது வந்திருந்தது என்று இன்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் இரவு, கூட வேலை செய்த ஒரு பெண் டீமின் பொது டாக்குமெண்ட்டில் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். பிழை இருந்த ஃபங்ஷனின் பெயர்வரை அதில் இருந்தது. பதினோரு மணிக்குச் சரிசெய்து அனுப்பினேன். மறுநாள் மீட்டிங்கில் மேனேஜர் என் பெயரைச் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் குறிப்பைப் படிக்காமல் எனக்கு அது கிடைத்திருக்குமா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். விடையைப் பார்த்த பிறகு, பார்க்காத அந்த ஆளாக இருந்து யோசிக்க முடியவில்லை. சர்வருக்கு ஆக்சஸ் லாக் உண்டு, மனசுக்குக் கிடையாது. ஓர்த்திஸுக்காவது அந்த ஜூலை 26 பற்றி நிச்சயமாகத் தெரியுமா என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

அந்த டிக்கெட்டைப் போன மாதம் தேடிப் பார்த்தேன். முடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. எங்கள் சாஃப்ட்வேரில் அதைக் காலியாக விட முடியாது. ஏதாவது ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால்தான் சேவ் ஆகும்.