தோற்றவன் செய்தது தவறா?

தோற்றுப்போன மனிதனுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. அதே காரியத்தை அதே விதமாகச் செய்து அவன் ஜெயித்திருந்தால், அவனுடைய துணிச்சலை மெச்சியிருப்பவர்களும் இவர்களேதாம். இந்த விசித்திரத்தை நான் மிகத் தெளிவாகக் கண்டது, கடல் கடந்த தேசத்தில் ஒரு கூடைப்பந்துத் தோல்வியைப் பற்றி ரசிகர்கள் நடத்திய வாதத்தில்.

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தில், ஹூஸ்டன் ராக்கெட்ஸ் என்று ஒரு குழு உண்டு. கூடைப்பந்தில் வளைகோட்டுக்குள் நின்று போட்டால் இரண்டு புள்ளி; கோட்டுக்கு வெளியே, தூரத்திலிருந்து போட்டால் மூன்று. தூரத்துப் பந்து அதிகம் தவறும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அப்போது ராக்கெட்ஸ் நிர்வாகியாக இருந்த டேரில் மோரி கணக்குப் பார்க்கிற மனிதர். கிட்டத்திலிருந்து ஆறு தடவை எறிந்து மூன்று விழுந்தால் ஆறு புள்ளி. தூரத்திலிருந்து ஆறு தடவை எறிந்து இரண்டே விழுந்தாலும் ஆறு புள்ளிதான். அதற்கு மேல் விழுவதெல்லாம் லாபம். பயிற்சியாளர் மைக் டி'ஆன்டோனி இந்தக் கணக்கையே ஆட்டமாக்கினார். 2017-18 பருவத்தில் அந்தக் குழு கிட்டத்துப் பந்தைவிடத் தூரத்துப் பந்தையே அதிகம் எறிந்தது. 82 ஆட்டங்களில் 65-ஐ ஜெயித்தது.

பிறகு வந்தது 2018 மே 28. மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம். எதிரே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். பாதி ஆட்டம் முடிந்தபோது ராக்கெட்ஸ் 11 புள்ளி முன்னால் நின்றது. ஆனால் தூரத்துப் பந்துகள் அடுத்தடுத்து 27 தவறின. மொத்தம் 44 எறிந்ததில் விழுந்தவை ஏழே ஏழு. முடிவு 101-92, ராக்கெட்ஸ் தோற்றது.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். "விழவில்லை என்று கண்ணால் கண்ட பிறகும் தூரத்திலிருந்தே எறிவானேன்? கூடைக்குக் கிட்டே போயிருக்கலாமே!" என்றது ஒரு கட்சி. "கணக்கில் பிழையில்லை, அன்றைக்கு அதிர்ஷ்டம் இல்லை. காயம்பட்ட கிறிஸ் பால் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம்" என்றது மற்றக் கட்சி.

முதல் கட்சியிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பத்திரமாக வீடு சேர்ந்தவன் செய்தது சரியா? இல்லையென்றால், பலன் நல்ல நீதிபதி அல்ல என்று ஒப்புக்கொண்டாயிற்று. நன்றாக விசாரித்துப் பெண்ணைக் கட்டிக் கொடுத்த தகப்பனாரிடம், வாழ்க்கை கசந்த பிறகு, "அப்போதே நினைத்தேன்" என்கிறோமே, அது எவ்வளவு கொடுமை! முடிவெடுத்த நாளில் அவருக்கு என்ன தெரியும் என்பதல்லவா கேள்வி?

ஆனால் இரண்டாவது கட்சியையும் நான் சும்மா விடுவதற்கில்லை. மூன்றுக்கு ஒன்றுக்கு மேல் விழும் பந்து, வெறும் தற்செயலாக 27 தடவை வரிசையாகத் தவறுவது லட்சத்தில் ஒரு முறைகூட நேராது. அப்படிப்பட்டது கண்ணெதிரே நடக்கும்போது, "அதிர்ஷ்டம் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தை எறிவது போதுமா? கணக்கு ஆயிரம் எறிதலைப் பற்றிப் பேசுகிறது. எறிகிற கையோ களைத்துப்போன மனிதனுடையது. துணைக்கு நிற்க வேண்டியவன் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருக்கிறான். கணக்குப் போட்ட நாளில் இருந்த நிலைமை இன்றும் இருக்கிறதா என்று நடுவில் ஒரு தடவை நின்று பார்ப்பது கணக்குக்குத் துரோகம் அல்ல. அதுவும் கணக்கில் சேர்ந்ததுதான். கட்டிக் கொடுத்த பெண்ணின் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வரும்போது, "ஜாதகம் நன்றாகத்தானே பொருந்தியது" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தகப்பனாரை நான் மன்னிக்கமாட்டேன்.

ஆகவே, தோற்றவனிடம் கேட்க வேண்டியவை இரண்டே. முடிவெடுத்தபோது தெரிந்ததையெல்லாம் எண்ணிப் பார்த்தாயா? நிலைமை மாறியபோது மறுபடி எண்ணிப் பார்த்தாயா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தவன் தலைகுனிய வேண்டியதில்லை. ஜெயித்தவனிடமும் இதே இரண்டைக் கேட்கலாம், நாம்தான் கேட்பதில்லை.

2024-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் குழு, லீக்கிலேயே அதிகமாகத் தூரத்துப் பந்தை எறிந்து பட்டம் வென்றது. "பார்த்தீர்களா, ராக்கெட்ஸ் கணக்கு சரிதான்!" என்று சொல்ல எனக்கும் நாக்குத் துடிக்கிறது. சொன்னால், பலனை நானும் மறுபடி நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைத்தவனாவேன்.