காட்டுவதும் மறைப்பதும்

விருந்தோம்பல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன உணவும் உறைவிடமுமே. வந்தவருக்கு வயிறார உணவு இட்டோமா, இதமான படுக்கை அமைத்தோமா என்ற அளவில் கடமை நிறைவேறிவிட்டதாகக் கொள்கிறோம். ஆனால் வந்தவர் இரண்டொரு நாள் தங்குவாரானால் நாம் மூன்றாவதாக ஒன்றையும் செய்கிறோம். அவரை அழைத்துச் சென்று நம் ஊரைக் காட்டுகிறோம். எதைக் காட்டுகிறோம், எதை விட்டுவிடுகிறோம், காட்டும்போது என்ன சொல்கிறோம் என்பவற்றில் அறம் ஏதும் அடங்கியிருக்கிறதா? சாட்சி சொல்பவனுக்கு உள்ள பொறுப்பு ஊர் காட்டுபவனுக்கும் உண்டா?

சில்லறைக் கேள்வி என்று இதை ஒதுக்கிவிடலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம், காயல்பட்டினத்திலிருந்து நம் ஓதும் காலத்து நண்பர் ஒருவர் சென்ற தை மாதம் உதகைக்கு வந்திராவிட்டால்.

உதகையில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டு நாம் வாழத் தொடங்கி முப்பது குளிர்காலங்கள் கடந்துவிட்டன. இங்கு வருவோர் பெரும்பாலும் சித்திரை, வைகாசியில் வருகின்றனர். அப்போது மலர்க் கண்காட்சி நடக்கும். மலையே மணப்பெண் போல் இருக்கும். வண்டிகளின் நெரிசல் தாளாமல், உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் மின்னணு அனுமதிச் சீட்டு பெற்றே மேலே வரவேண்டும் என்றாயிற்று. பொங்கல் விடுமுறைக் கூட்டமும் இறங்கிய பின் வரும் நாள்கள் வேறு. மலை தன் அணிகலன்களைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டு வேலையில் இருக்கும் நாள்கள் அவை. விருந்தினரை அந்த நேரத்தில் அழைக்கத் தயங்குவோர் உண்டு. நண்பர் தாமாகவே அந்த நாள்களைத் தேர்ந்தார். கடற்கரையில் பிறந்து அறுபதை நெருங்கும் தமக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது; அதைப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை இரயிலில் வந்து சேர்ந்தார். 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் வந்த அந்த இருப்புப் பாதையின் 208 வளைவுகளையும் 16 குகைகளையும் ஒன்று விடாமல் எண்ண முயன்று, பாதி வழியில் கணக்கைத் தவறவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

அன்றிரவே அவர் கேட்டது ஒரு கரிச்சட்டி. அறைக்குள் கணப்பு வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுக்கலாம் என்பது அவர் எண்ணம். நாம் மறுத்துவிட்டோம். மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து எழும் நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை உறக்கத்திலேயே கொண்டுபோய்விடும். குளிருக்கு அஞ்சி அப்படிச் செய்து உயிர் இழந்தோர் பற்றிய செய்திகள் இம்மலையில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கூடுதலாக இரண்டு கம்பளிகள் கொடுத்தோம். விருந்தினர் கேட்டதை மறுப்பதும் விருந்தோம்பலில் ஒரு பகுதிதான்.

மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்ததும் தலைகுந்தாவுக்குச் சென்றோம். ஐப்பசி, கார்த்திகையில் இறங்குவதை இங்குள்ளோர் நீர்ப்பனி என்பர். மார்கழி தொடங்கியபின் இறங்குவது உறைபனி. மேகமற்ற, காற்று அசையாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனம் மிக்கதாதலால் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. ஆகவே 2,637 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டபெட்டா முகட்டைவிட, அதற்கு நானூறு மீட்டர் கீழே உள்ள தாழ்வான புல்வெளிகளில் உறைபனி கடுமையாக இருப்பதுண்டு. உயரம் கூடினால் குளிரும் கூடும் என்று பாடப் புத்தகத்தில் படித்தவர்கள் இதை நம்ப மறுப்பார்கள்.

பொழுது புலர்ந்தது. புல்வெளி முழுவதும் வெண்மை. ஒவ்வொரு புல்லின் விளிம்பிலும் சிறு சிறு ஊசிகளாய்ப் பனி நின்றது. சிலந்தி வலை ஒன்று வெள்ளிக் கம்பியால் பின்னியதுபோல் விறைத்து நின்றது. நண்பர் ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்றார். மீண்டும் மீண்டும் அதையே சொன்னார். குனிந்து புல்லைத் தொட்டார். விரல் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

புல்வெளியின் ஓரத்தில் ஒரு சிறிய தேயிலைத் தோட்டம். அரை ஏக்கருக்கு மேல் இராது. முதல்நாள் மாலை செடிகளின்மேல் பரப்பியிருந்த தழைகளை ஒருவர் விலக்கிக்கொண்டிருந்தார். தழை போதாமல் விட்ட வரிசைகளின்மேல், வெயில் படுவதற்குள் பனி கரையவேண்டும் என்று குடத்து நீரைத் தெளித்துக்கொண்டிருந்தார் அவர் மனைவி. தாழ்வான நான்கைந்து வரிசைகள் முந்தைய நாள்களின் பனியிலேயே கருகிவிட்டிருந்தன. நண்பரின் முகமலர்ச்சியைக் கண்ட அந்த விவசாயி கோபம் கொள்ளவில்லை. “பார்க்க நல்லாத்தான் இருக்கும் பாய். மழை வந்து துளிர்க்கிற வரைக்கும் இந்தப் பள்ளத்தில எங்களுக்குக் கொழுந்து கிடையாது” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார்.

திரும்பும் வழியில் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஹஜ்ரத், ஒருவருடைய இழப்பைப் பார்த்து நான் இறைவனைத் துதித்துவிட்டேனே, இது தகுமா?” என்று கேட்டார்.

தகும் என்றோம். பனியை நண்பர் வரவழைக்கவில்லை. அவர் துதித்தது இழப்பை அன்று, படைப்பின் நுட்பத்தை. கடலின் அழகை வியக்கும் ஒவ்வொருவரும் கடலில் மாண்ட மீனவருக்குத் தீங்கு நினைத்தவர் ஆகமாட்டார். அழகு என்பது யாருக்கும் இழப்பு நேராத இடத்தில் மட்டும்தான் நுகரத்தக்கது என்று விதி செய்தால் உலகில் நுகர்வதற்கு எதுவும் எஞ்சாது. ஆனால் இந்த விடை பார்த்தவருக்கு உரியது. காட்டியவருக்கு இதே விடை செல்லுமா என்பதுதான் நம்மை உறுத்திற்று. அறியாது வியப்பவர் வேறு. அறிந்தும் அறியாதவர்போல் வியக்கவிடுபவர் வேறு.

வணிகத்தில் இதற்குத் தெளிவான சட்டம் உண்டு. சரக்கில் உள்ள குறையை விற்பவர் மறைக்கலாகாது. மறைத்தால் வாங்கியவர் திருப்பித் தரலாம். ஃபிக்ஹு நூல்களில் குறையைக் குறிக்கும் ‘ஐப்’ என்ற சொல்லை ஓதாத மாணவர் இல்லை. விருந்தினரோ எதையும் வாங்க வந்தவர் அல்லர். அவரிடம் குறைகளை அடுக்குவது கடமையா? அன்று. வீட்டின் கடன் கணக்கை யாரும் விருந்தினர் முன் விரிப்பதில்லை, அது கண்ணியம். ஆயின் வழக்கு மன்றத்தில் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிய சாட்சியை நாம் நேர்மையாளர் என்போமா? ஊர் காட்டுபவர் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார். சுற்றுலா விளம்பரம் எழுதுவோர் நடுவே நிற்பவர் அல்லர். அவர்கள் விற்பவர்கள், அவர்களுக்கு வணிகச் சட்டமே போதும்.

அன்று பிற்பகல் பைக்காரா சாலையில் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. வானளாவிய மரங்களைக் கண்ட நண்பர், “ஆதி காலத்துக் காடு” என்று வியந்தார். தலையசைத்துவிட்டுப் போயிருக்கலாம், அவர் மகிழ்ச்சிக்கு ஒரு குறையும் வந்திராது. ஆனால் அவை ஆதி காலத்து மரங்கள் அல்ல. கற்பூர மரமும் சீகை மரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியையொட்டி ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. வெள்ளையர் குடியிருப்புகளுக்கு விறகு வேண்டியிருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அவை பெருமளவில் நடப்பட்டன; மரக்கூழுக்காக ஒரு பக்கம், தோல் பதனிடத் தேவையான பட்டைக்காக மறுபக்கம். இந்த இடத்தில் நம் வாசகர் சிலர் சற்று நிமிர்ந்து உட்காரலாம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் தொழிலால் தழைத்த குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தொழில் ஈந்த பொருளில் எழுந்த கல்விக்கூடங்களும் பல. சீகைப் பட்டைக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அம்மரங்கள் வருவதற்கு முன் இங்கே இருந்தவை திறந்த புல்வெளிகளும், மடிப்புகளில் ஒடுங்கி நின்ற சோலைக் காடுகளும். புல்வெளியை வெற்று நிலம் என்று வெள்ளையர் எண்ணினர். பின்வந்தோரும் அப்படியே எண்ணினர். அது தோதவரின் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலம். மழையை உறிஞ்சி ஓடைகளுக்கு மெல்ல ஈயும் நிலம். அப்புல்வெளி அத்தனை நூற்றாண்டுகள் புல்வெளியாகவே நீடித்ததில் உறைபனிக்குப் பெரும்பங்கு உண்டு என்று சூழலியல் அறிஞர் பலர் கருதுகின்றனர். சோலையிலிருந்து வந்து விழும் விதை முளைத்தாலும், மரக்கன்று உறைபனியில் கருகிவிடும். புல்லோ வேரில் உயிரை வைத்துக்கொண்டு மீண்டும் எழும்.

ஆக, காலையில் நாம் கண்ட பனி ஓர் ஏழை விவசாயியின் கொழுந்தைக் கருக்கியது. அதே பனிதான் இம்மலையின் புல்லைக் காத்தும் வந்தது. இதை அந்த விவசாயியிடம் போய்ச் சொல்ல நமக்கு நா எழாது. உண்மையாயினும், அவர் செடிகள் கருகி நிற்கையில் அது அவருக்குச் சொல்லத்தக்க உண்மை அன்று. நண்பரிடம் சொன்னோம். யாரிடம், எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்தே ஒரு சொல் உண்மையாகிறது போலும்.

அன்றிரவு வானம் தெளிந்திருந்தது. தெற்கே மலை விளிம்புக்கு மேல் ஒரு பேரொளி விண்மீன். தமிழர் அகத்தியன் என்பர்; அரபியர் ஸுஹைல் என்பர். அதைக் கண்டதும் நண்பருக்கு நஹ்வுப் பாடம் நினைவுக்கு வந்துவிட்டது. மிகச் சிறு தொடர்பு இருந்தாலே ஒன்றை மற்றொன்றின் உடைமைபோல் சொல்லலாம் என்பதற்கு இலக்கணிகள் காட்டும் சான்றில் இந்த மீன்தான் வருகிறது. கோடை முழுதும் நூல் நூற்காமல் சோம்பியிருந்த ஒரு பேதைப் பெண், விடியலில் ஸுஹைல் தோன்றிக் குளிர் நெருங்கிய பிறகே பதறி நூற்கத் தொடங்குவாள். அதனால் அது ‘அவளுடைய’ மீனாயிற்று. “அவளிடம் அதற்குப் பட்டாவா இருக்கிறது?” என்று நண்பர் சிரித்தார். சிரித்தபின், “நேற்று முதல் நீங்கள் எங்கள் மலை, எங்கள் மலை என்கிறீர்களே, அதுவும் இந்த வகைதானா?” என்று மடக்கினார்.

வேறு எந்த வகை? உடைமைத் தொடரை அரபு இலக்கணம் ‘இளாஃபத்’ என்கிறது. விருந்தினரைக் குறிக்கும் ‘ளைஃப்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஒன்றின்பால் சாய்வது என்பது வேரின் பொருள். வழியிலிருந்து விலகி ஒரு வீட்டின் பக்கம் சாய்பவர் விருந்தினர். மற்றொரு பெயரின்மேல் சாயும் பெயர் முளாஃப். “அப்படியானால் ‘எங்கள் மலை’ என்னும்போது இலக்கணப்படி மலைதான் உங்கள்மேல் சாய்ந்திருக்கிறது. மலை விருந்தாளி, நீங்கள் வீட்டுக்காரர்!” என்றார் நண்பர். ஓதியதை மறக்காதவரோடு ஊர் சுற்றுவதில் இந்தத் தொல்லை உண்டு.

மலையின்மேல் சாய்ந்தவர்கள் நாமே என்பதற்கு வரலாறு சான்று. தோதவரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் இங்கிருக்க, 1819இல் கோவை ஆட்சித்தலைவர் சலிவன் ஏறிவந்தார். தேயிலை வந்தது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால், தாம் பிறந்த இலங்கை மலைகளை விட்டுத் தாம் பார்த்தே இராத ‘தாய்நாட்டுக்கு’ அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களும் வந்தனர். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. மறுநாள் கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியின் பேச்சில் கண்டிச் சாயலைக் கேட்டதும், கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்த நண்பர் நின்றுவிட்டார். “எந்த ஊர் ஆத்தா?” என்றார். “எந்த ஊர்னு சொல்றது” என்று அவர் கேள்வியையே திருப்பித் தந்தார்.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. ‘எங்கள் மலை’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நம் மலை’ என்றால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். அரபியில் இந்த வேறுபாடு இல்லை. அந்த மூதாட்டியிடமும் தலைகுந்தா விவசாயியிடமும் ‘எங்கள் மலை’ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? நண்பரிடம் மட்டும் அப்படிச் சொல்லிப் பெருமை கொள்வது எப்படிச் சரியாகும்? அன்றிலிருந்து நண்பரிடம் ‘நம் மலை’ என்றே சொன்னோம். ‘நம்’ என்பதில் பனியின் அழகு மட்டும் பங்காகாது, கருகிய வரிசைகளும் பங்காகும். விருந்தினருக்கு அது சுமையன்றோ என்றால், ஆம், சுமைதான்.

இந்த இடத்தில் நண்பர் நம்மோடு உடன்படவில்லை. முதலில் அழகைக் காணவிட்டு, துயரத்தைப் பிறகு சொல்வதே பண்பு. பிந்திச் சொல்வது மறைத்தல் ஆகாது என்பது அவர் கட்சி. இரண்டும் ஒரே புல்நுனியில் நிற்கும்போது பிரித்துச் சொல்வதே திரித்துச் சொல்வதாகும் என்பது நம் கட்சி. மூன்று நாளும் இதையே வழக்காடினோம்.

புறப்படும் நாள் நடுப்பகலில் மீண்டும் தலைகுந்தாவுக்குப் போகவேண்டும் என்றார். பனியின் சுவடே இல்லை. அந்த விவசாயி கருகிய வரிசைகளில் கவாத்து செய்துகொண்டிருந்தார். நண்பர் அவரிடம் கேட்டு, கரிந்த ஒரு கொழுந்தை வாங்கித் தம் கைப்பிரதிக்குள் வைத்துக்கொண்டார், காயலில் மாணவர்களுக்குக் காட்ட. இதை மட்டும் காட்டினால் அதுவும் பாதிச் சாட்சிதானே என்று கேட்டோம்.

“வெள்ளையை எப்படி ஹஜ்ரத் எடுத்துப்போவது? எட்டு மணிக்கே போய்விடுகிறதே” என்றார். வாயால் சொல்லிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார்.