ஆறும் அயலானும்

நாம் கண்டறியாத ஒருவனுக்கு விளையும் தீங்குக்கு நாம் பொறுப்பாளிகளா?

யப்பானின் ஜின்சு ஆற்றைப் பாருங்கள். மேலேயுள்ள கமியோகா சுரங்கத்திலிருந்து வெளியேறிய கட்மியம் ஆற்றோடு கலந்து, கீழேயுள்ள வயல்களிற் படிந்து, நெல்லில் ஏறியது. அச்சோற்றை உண்ட தாய்மாரின் எலும்புகள் இருமினாலும் முறியுமளவுக்கு நலிந்தன. “இதாய், இதாய்” – நோகுது, நோகுது – என்ற அவர்களது அலறலே அந்நோயின் பெயராயிற்று.

1968 இல் அரசு கட்மியமே காரணமென ஏற்றது. ஆயினும், அது உடலுள் நோயை விளைக்கும் விதத்தை நோயாளரே நிறுவவேண்டுமென்று கம்பனி வாதாடியது. 1972 இல் மேல்நீதிமன்றமும் அவ்வாதத்தைத் தள்ளியது. நஞ்சேறிய வயல்மண்ணை மாற்றி முடிக்கவோ 2012 வரை சென்றது.

முறிந்த எலும்பிடம் சான்று கேட்பது நீதியாகாது. ஆற்றில் ஊற்றுபவனே, ஊற்றுமுன், அது தீங்கற்றதென நிறுவட்டும். ஆற்றின் கீழே வாழ்பவனும் நம் அயலானே.