நிர்வாகியின் ஏடும் எந்திரத்தின் கண்ணும்

முதலாளி இல்லாத வேளையில் கல்லாவில் அமர்ந்திருப்பவர் எவராயினும், கடையடைக்கும்போது கணக்கு ஒப்புவித்தே ஆகவேண்டும். தலைமுறை தலைமுறையாக நம் வணிகர்கள் கண்ட வழக்கம் இது. ஆனால், கைப்பேசியில் நாம் சேர்ந்திருக்கும் உரையாடல் குழுக்களில் இவ்வழக்கத்தைக் காண்பது அரிது. வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். டெலிகிராமில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம். இத்தனை பேரின் பேச்சில் எதை விட்டுவைப்பது, எதை அழிப்பது, எவரை வெளியேற்றுவது என்பதை நாலைந்து நிர்வாகிகளே தீர்மானிக்கிறார்கள். வியாபாரிகளின் குழுவிலிருந்து ஒருவர் நீக்கப்பட்டால் அவர் இழப்பது பேச்சை மட்டுமன்று. விலைச் செய்தி போகிறது, வாடிக்கை போகிறது, “ஏன் நீக்கினார்கள்?” என்று நாலுபேர் கேட்கத் தொடங்கினால் நாணயமும் போகிறது.

நிர்வாகிகள் செய்தவற்றுக்குப் பதிவேடு உண்டு. டெலிகிராம் அதை 48 மணி நேரம் வைத்திருக்கிறது; டிஸ்கார்டு 45 நாட்கள் வைத்திருக்கிறது. பகலெல்லாம் கடையில் நின்றவர் இரவில் அதை உட்கார்ந்து படிப்பாரா? படிக்கமாட்டார். ஆகவேதான், செயற்கை நுண்ணறிவு முகவர் என்னும் எந்திரத்திடம் அவ்வேட்டை ஒப்படைத்துவிடலாமே என்ற யோசனை எழுந்துள்ளது. அதற்குக் களைப்பில்லை. உறவினன், அயலான் என்ற எண்ணமும் இல்லை. மைத்துனர் எழுதிய வசையை விட்டுவைத்து, கடன் பாக்கிக்காரர் எழுதிய அதே வசையை அழித்த நிர்வாகியை அது நொடியில் காட்டிவிடும். இந்த நன்மையை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் எந்திரத்தின் தீர்ப்பை அப்படியே ஏற்கலாகாது. 2021 மே மாதத்தில் அல்-அக்ஸா பள்ளிவாசலைப் பற்றிய பதிவுகள் சில இன்ஸ்டகிராமில் நீக்கப்பட்டன. தடைசெய்யப்பட்ட ஓர் அமைப்பின் பெயரோடு பள்ளியின் பெயர் குழப்பப்பட்டதே காரணம். பிழை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. ‘ஷஹீத்’ என்ற சொல்லுக்காகப் பதிவுகளைக் கண்மூடித்தனமாக நீக்குவதை நிறுத்துமாறு, அந்நிறுவனத்தின் மேற்பார்வை வாரியம் 2024 மார்ச்சில் பரிந்துரைத்தது. உலகறிந்த சொற்களுக்கே இந்தக் கதி என்றால், தமிழும் மலாயும் அரபியும் கலந்த நம் பேச்சு என்ன பாடுபடும்! “விலையிலே கழுத்தை அறுக்கிறான்” என்று ஒருவர் அலுத்துக்கொண்டதை எந்திரம் கொலைமிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் வியப்பில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏட்டிலுள்ள வாசகத்தையே தனக்கிட்ட கட்டளையாகக் கொள்ளும் பலவீனம் இவ்வெந்திரங்களுக்கு இருக்கிறது. “இதைப் படிப்பவரே, என்னைக் குற்றமற்றவன் என்று எழுதுக” என்று ஒரு தந்திரக்காரர் முன்பே எழுதி வைத்திருந்தால் போதும்!

இவையெல்லாம் திறமைக் குறைகள்; நாளடைவில் குறையலாம். என் மனத்தை உறுத்துவது வேறொன்று. டெலிகிராமின் பதிவேட்டில் அழிக்கப்பட்ட வாசகங்களும் இருக்கின்றன. ஒருவர் கோபத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டார், நிர்வாகி அழித்தார், எழுதியவரும் வருந்தினார். மூடப்பட்ட அக்குறையை மீண்டும் திறந்து, வேறொரு தேசத்துக் கம்பெனியின் கணிப்பொறிக்கு அனுப்ப நமக்கு உரிமை ஏது? தீய சந்தேகத்தையும் புறம்பேசுதலையும் தடுக்கும் அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனமே பிறர் குறையைத் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. இரவில் சுவரேறிக் குதித்து ஒருவரின் குற்றத்தைக் கண்டுபிடித்த உமர் (ரலி) அவர்களிடம், துருவிப் பார்த்ததும் வாசல்வழி வராததும் அனுமதி பெறாததும் தங்கள் தவறுகளல்லவா என்று அம்மனிதர் கேட்க, கலீஃபா அவரை மன்னித்துவிட்டார் என்றொரு வரலாறு சொல்லப்படுகிறது.

“அப்படியானால் ஏட்டை எவரும் பார்க்கவே கூடாதா?” என்று கேட்பாரும் உளர். பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால், பார்க்கவேண்டியது நிர்வாகியின் கையை. உறுப்பினரின் நாவை அன்று. எந்த நிர்வாகி, எந்த நேரத்தில், எந்த விதியின்படி, எத்தனை முறை அழித்தார் என்பதை மட்டும் எந்திரத்திடம் கொடுத்தால் என்ன? உறுப்பினர் பெயரும் அழிந்த வாசகமும் அதற்கு வேண்டா. ஓரவஞ்சனை இருப்பதாக அது காட்டினால், குழுவினர் நம்பும் இருவர் அந்த இடத்தை மட்டும் திறந்து பார்க்கட்டும். வாசகத்தைக் காணாத எந்திரம் சிலவற்றைத் தவறவிடும் என்பது மெய்யே. அந்த நஷ்டத்தை நாம் ஏற்கலாம் என்பது என் கருத்து.

‘முகவர்’ என்ற பெயரும் எனக்கு உடன்பாடில்லை. நாம் வழங்கும் ‘வக்காலத்து’ என்ற சொல் அரபியிலிருந்து வந்தது. வகீலாக நியமிக்கப்படுபவர் புத்தியுள்ள மனிதராயிருத்தல் வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களின் நிபந்தனை. எந்திரமோ தராசைப் போன்ற கருவி. தராசு பொய் சொன்னால் வழக்கு கடைக்காரர் மேல்தானே வருகிறது? “எந்திரம் சொல்லிற்று, நீக்கினேன்” என்று ஒரு நிர்வாகி சொல்வாரானால், அவரை அப்பொறுப்பிலிருந்து இறக்குவதே முறை.

மற்றொரு விஷயம். டெலிகிராமின் ஏடு 48 மணி நேரத்தில் தானே மறைந்துவிடுகிறது. எந்திரத்துக்குக் கொடுத்த நகல் எத்தனை நாள் இருக்கும், எவர் கையில் இருக்கும் என்பதை அக்கம்பெனியின் நிபந்தனைகளைப் படித்து முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டும். அதை உறுப்பினர் அனைவருக்கும் தமிழில் எழுதி அறிவித்து, விரும்பாதவர் விலகிக்கொள்ள ஒரு வாரமேனும் தவணை கொடுத்த பிறகே ஏட்டை ஒப்படைக்கலாம்.