பழகின உடம்பு

வானத்தில் ஏறின சாமான்களுக்கெல்லாம் ஒரு பேரேடு இருக்கிறது. அமெரிக்க ராணுவம் வைத்திருக்கும் ஏடு அது. கிராமக் கணக்கர் அடங்கல் எழுதுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டு, எப்போது ஏவியது, பூமிக்குக் கிட்டத்தில் எவ்வளவு வரும், தூரத்தில் எவ்வளவு போகும், ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம், எப்போது விழுந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் எண் ஸ்புட்னிக் 1-ஐ ஏற்றிப்போன ராக்கெட்டுக்கு. இரண்டாம் எண் ஸ்புட்னிக் 1-க்கு. மூன்றாம் எண்ணில் இருப்பது ஸ்புட்னிக் 2. ஏவியது 1957 நவம்பர் 3. எடை 508 கிலோ. கிட்டத்தில் சுமார் 210 கிலோமீட்டர், தூரத்தில் சுமார் 1,660. ஒரு சுற்றுக்கு 103 நிமிடம் சொச்சம். விழுந்தது 1958 ஏப்ரல் 14. ஆக 162 நாள், ஏறக்குறைய 2,570 சுற்று. கணக்கு சுத்தமாக இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு தேதி மட்டும் இல்லை. அந்தக் கலத்துக்குள் ஒரு நாய் இருந்தது. அது செத்த நேரத்தை எழுத ஏட்டில் பத்தி கிடையாது. நாலாவது சுற்று முடிவதற்குள் அது செத்துப்போய்விட்டது என்பது இப்போது தெரியும். அப்படியென்றால் மிச்சம் 2,566 சுற்றும் சுற்றினது ஒரு பாடைதான். ஐந்து மாதத்துக்கு மேல் பூமியை வலம் வந்த பாடை. கடைசியில் கரீபியன் தீவுகளின் மேலே நெருப்புக் கோடாக எரிந்து போனதைக் கீழேயிருந்த சனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கொள்ளி வைக்க ஆள் தேவைப்படவில்லை.

லைக்காவின் கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்காதவர்கள் குறைவு. எனக்கும் ஒரு வாத்தியார் சொன்னார். "விஞ்ஞானத்துக்காக உயிரைத் தியாகம் செய்த நாய்" என்றார். பின் பெஞ்சிலிருந்த நாங்கள் கேட்டுக்கொண்டோம். நாய் எப்படித் தியாகம் செய்யும் என்று கேட்கத் தோன்றவில்லை. இருபது வருஷம் கழித்து இப்போது அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் 1 ஏறியது. உலகம் வாயைப் பிளந்தது. நவம்பர் 7 ரஷ்யப் புரட்சியின் நாற்பதாம் ஆண்டு விழா. அதற்குள் இன்னொன்று வேண்டும், இதைவிடப் பெரிய அதிசயமாக வேண்டும் என்றார் குருஷேவ். நாலு வாரத்தில் கட்டினார்கள். திருப்பிக் கொண்டுவருகிற ஏற்பாடு அதில் கிடையாது. அதாவது நாய் ஏறும்போதே அது இறங்காது என்பது எல்லோருக்கும் தெரியும், நாயைத் தவிர.

நாயை எங்கே பிடித்தார்கள்? மாஸ்கோ தெருவில். வீட்டில் வளர்த்த நாய் வேண்டாம், தெருநாய்தான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். காரணம் சொன்னார்கள்: தெருநாய் பனியில் கிடந்தது, பட்டினி கிடந்தது, அதனால் எதையும் தாங்கும். பெட்டை நாயாக இருந்தால் காலைத் தூக்க இடம் வேண்டியதில்லை. வயது மூன்று இருக்கலாம், எடை ஆறு கிலோவுக்குள். சிறு சிறு கூண்டில் வாரக்கணக்கில் அடைத்துப் பழக்கினார்கள். சுழல் யந்திரத்தில் சுற்றினார்கள். முதலில் குத்ரியாவ்கா, சுருள்முடிக்காரி, என்று கூப்பிட்டார்கள். பிறகு லைக்கா ஆக்கினார்கள். லைக்கா என்றால் குரைக்கிறது என்று பொருள். அங்கே அது ஒரு நாயினத்துக்கே பொதுப்பெயர். நம் ஊரில் ஆளைப் பெயர் சொல்லாமல் தொழில் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி.

இந்த "தாங்கும்" என்ற இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். ஓர் உயிர் பட்ட கஷ்டமே அதை இன்னும் பெரிய கஷ்டத்துக்கு அனுப்பத் தகுதி ஆகிவிடுகிறது. பனியில் கிடக்க வைத்தது யார் என்ற கேள்வி வரவில்லை. கிடந்ததால் பழகிவிட்டது, பழகினதால் வலிக்காது, வலிக்காததால் அனுப்பலாம். எவ்வளவு வழுவழுப்பான தர்க்கம்! இதைப் புதிதாகக் கேட்கிற ஆள் இந்தப் பத்திரிகை படிப்பவர்களில் இருக்க மாட்டார்கள். 1993-லும் 2013-லும் சட்டம் போட்ட பிறகும் மலக்குழிக்குள் இறக்குகிறவன், மேலே நின்றுகொண்டு சொல்வது இதேதான்: "அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம் சார்." நம்மை நாயோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபப்பட வேண்டாம். அந்த ஒப்பீட்டைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். ஒரே வாக்கியம் இரண்டு இடத்திலும் கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகிறேன்.

பழகின உடம்பு என்ன சொன்னது? கருவி அதை எழுதி வைத்திருக்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 103 தடவை துடித்த நெஞ்சு, ராக்கெட் கிளம்பினதும் 240 தடவை துடித்தது. சுழல் யந்திரத்தில் சுற்றியபோது அடங்கின நேரத்தைப் போல மூன்று மடங்கு நேரம் பிடித்தது அது அடங்க. கலத்தின் வெப்பத் தடுப்புக் கிழிந்திருந்தது. உள்ளே சூடு 40 டிகிரிக்கு ஏறியது. ஐந்தாறு மணி நேரத்தில் உயிர் இருக்கிற அடையாளம் எதுவும் வரவில்லை. சூட்டிலும் பயத்திலும் செத்தது. பனிக்குப் பழகின நாய் வெந்து செத்தது.

உலகத்துக்குச் சொன்னது வேறு. நாய் நன்றாக இருக்கிறது என்றார்கள். பிறகு ஆக்சிஜன் தீர்ந்து ஆறாம் நாள் செத்தது என்று ஒரு கதை. வலி தெரியாமல் தூங்கவைத்துவிட்டோம் என்று இன்னொரு கதை. உண்மையை திமித்ரி மலஷென்கோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி 2002 அக்டோபரில் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் நடந்த விண்வெளி மாநாட்டில் சொன்னார். 45 வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் லைக்கா சிகரெட் வந்துவிட்டது, தபால்தலை வந்துவிட்டது, நினைவுச் சின்னத்தில் உருவம் வந்துவிட்டது. சாவுக்கு மரியாதை எல்லாம் நடந்தது. செத்தது எப்படி என்பது மட்டும் நடுவீட்டில் புதைத்த பிணமாகக் கிடந்தது.

இங்கே தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். தியாகம் என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் கொடை என்று பொருள். தியாகி என்றால் கொடுக்கிறவன். கொடுக்க வேண்டுமானால் கொடுப்பவன் கையில் அது இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் நடப்பதற்கு வேறு சொல் இருக்கிறது. பலி. தியாகத்தில் கொடுக்கிறவன் வேறு, கொடுக்கப்படுகிற பொருள் வேறு அல்ல. பலியில் கொடுக்கிறவன் ஒருவன், வெட்டுப்படுகிறது இன்னொன்று. பலனும் வெட்டுப்பட்டதற்குப் போகாது.

எங்கள் ஊர்க் கோயிலில் கிடா வெட்டும்போது மஞ்சத் தண்ணியைத் தலையில் தெளிப்பார்கள். ஈரம் பட்டதும் ஆடு தலையைக் குலுக்கும். "உத்தரவு குடுத்துருச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் அரிவாளை ஓங்குவார்கள். சின்ன வயதில் எனக்கு இது பெரிய மோசடியாகப் பட்டது. தண்ணி ஊற்றினால் எந்த ஆடுதான் குலுக்காது? இப்போது வேறு மாதிரியும் தோன்றுகிறது. அந்தப் பாமர சனங்களுக்குக்கூட, கேட்காமல் வெட்டக்கூடாது என்று ஒரு உறுத்தல் இருந்திருக்கிறது. குலுக்கும்வரை காத்திருப்பார்கள், சில நேரம் அரைமணி ஆகும். லைக்காவின் தலையில் தண்ணி தெளிக்க யாருக்கும் நேரமில்லை. விழாத் தேதி நெருங்கிவிட்டது.

ஒரு ஆள் உறுத்தலோடு இருந்திருக்கிறார். விளாதிமிர் யஸ்தோவ்ஸ்கி என்ற மருத்துவர், அனுப்புவதற்கு முன்னால் நாயை வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் பிள்ளைகளோடு விளையாட விட்டிருக்கிறார். அதற்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் போலிருந்தது என்று பின்னால் எழுதினார். நாயைப் பழக்கியவர்களில் ஒருவரான ஒலெக் கஸென்கோ 1998-இல் மாஸ்கோவில் பத்திரிகைக்காரர்களிடம், காலம் போகப் போக வருத்தம் கூடுகிறது, அந்தச் சாவுக்கு ஈடாகும் அளவுக்கு நாங்கள் எதையும் தெரிந்துகொள்ளவில்லை என்ற பொருளில் சொன்னார். நாற்பது வருஷம் கழித்தாவது சொன்னார்.

அமெரிக்கக்காரன் யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆல்பர்ட் என்று பெயரிட்டுக் குரங்குகளை வரிசையாக ஏற்றிக் கொன்றார்கள். 1961 ஜனவரி 31 அன்று அவர்கள் ஏற்றியது காமரூனில் பிடித்து வந்த ஒரு சிம்பன்சிக் குட்டி. ஏறும்போது அதற்கு அதிகாரப்பூர்வமான பெயர் இல்லை, 65 என்ற எண்தான். செத்துவிட்டால், பெயருள்ள குரங்கைக் கொன்றதாகப் பத்திரிகைகள் எழுதும் என்ற பயம். உயிரோடு திரும்பின பிறகுதான் ஹாம் என்று பெயர் கொடுத்தார்கள். அதுவும் அந்த ராணுவ ஆய்வுக்கூடத்தின் பெயர்ச்சுருக்கம். ஒருவன் செத்தால் பெயர் வைத்து விழா எடுத்தான், இன்னொருவன் பிழைத்தால்தான் பெயரே என்றான்.

எனக்கு அமெரிக்காவைப் பற்றி வருத்தமில்லை, எதிர்பார்த்ததுதான். சோவியத்தைப் பற்றித்தான் வலிக்கிறது. மூத்த தோழர் ஒருவர் வீட்டுப் பரணில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. கெட்டி அட்டை, வழவழத் தாள். அதைப் படித்து எழுந்து நின்றவன் நான். உழைக்கிறவர்கள் ஆட்சியைப் பிடித்ததைக் கொண்டாடுகிற நாளில், தெருவில் கிடந்ததைப் பிடித்து, தாங்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த வாக்கியம் அங்கேயும் எப்படிப் போனது?

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: லைக்கா இல்லாமல் ககாரின் உண்டா? புயல் வருகிறது என்று முன்கூட்டிச் சொல்கிற செயற்கைக்கோள் உண்டா? நியாயமான கேள்வி. ஆனால் 1960 ஆகஸ்டில் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரண்டு நாய்கள் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கின. மூன்று வருஷம்கூடப் பொறுக்கவில்லை. லைக்கா செத்தது விஞ்ஞானத்துக்கு அல்ல, ஒரு தேதிக்கு. காரியத்துக்கும் விழாவுக்கும் உள்ள வித்தியாசத்தை அனுப்புகிறவன்தான் மறைக்கிறான். போகிறவனுக்கு அது தெரியவே வராது.

இதை எழுதுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சுடுகாட்டுப் பாதைக்காக மறியல் நடத்தினோம். முன் வரிசையில் யார் நிற்பது என்று முந்தின ராத்திரி பேசினோம். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், செங்கல் சூளையில் வேலை பார்த்தவன், மூலையில் உட்கார்ந்திருந்தான். அவனை நிறுத்தலாம் என்று சொன்னது நான்தான். "அவன் அடியெல்லாம் தாங்குவான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மறுநாள் லத்தி இடது காதோரம் விழுந்தது. அந்தக் காது இன்றுவரை கேட்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் துண்டறிக்கை எழுதினேன். தமிழ் எம்.ஏ. என்பதால் அந்த வேலை எப்போதும் என் தலையில்தான். "இளம் தோழனின் தியாகம் வீண்போகாது" என்று தலைப்புப் போட்டேன்.

கூட்டத்துக்கு இப்போதும் வருகிறான். பேசுகிறவர்களுக்கு வலது காதைக் காட்டுகிற மாதிரி ஓரமாக உட்காருவான். போன மாதம் டீக்கடையில் வைத்து முதல் தடவையாக அவனிடம் கேட்டேன், அன்றைக்கு முன்னால் நிற்க உனக்கு இஷ்டம் இருந்ததா என்று. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டிருந்தா நின்னிருப்பேன்ணே" என்றான். "யாரும் கேக்கல."