நடுவிலே வந்த அமைதி

இந்த மாதச் செய்தியை ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். பல வருஷமாய் பிரசங்க பீடத்தில் சொல்லத் தயங்கினதை இப்போது எழுதுகிறேன்.

2018ஆம் வருஷம் நவம்பர் மாதம். வங்காள விரிகுடாவில் 10ஆம் தேதி தாழ்வு மண்டலம் உண்டாகி, மறுநாள் புயலாக மாறினது. இலங்கை கொடுத்திருந்த பெயர் கஜா. யானை என்று அர்த்தம். முதலில் வடமேற்காக வந்த அந்த யானை, பிற்பாடு தென்மேற்காகத் திரும்பி நம்ம கரையை நோக்கி வந்தது. அரசாங்கம் முன்னமே எச்சரித்தது. மாவட்டங்கள்தோறும் 80,000 பேருக்கும் மேல் முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வேதாரண்யத்துக்கு வடக்கே இருக்கிற நம்ம ஜனங்களும் பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புகுந்தோம். உங்களில் அநேகர் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள்.

16ஆம் தேதி, நடுராத்திரி தாண்டி புயல் கரையேறினது. வாடைக்காற்று ஜன்னல்களைப் பிய்த்து எறிந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகம். பிள்ளைகள் அலறினார்கள். நாம் கைகளை உயர்த்திக் கதறி ஜெபித்தோம். அப்புறம், சொல்லிவைத்த மாதிரி காற்று நின்றுபோனது! மழையும் விட்டது. பக்கத்தில் இருப்பவரின் மூச்சுச் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி.

நான் ஒரு பெஞ்சின்மேல் ஏறினேன். "கர்த்தர் ஜெபத்தைக் கேட்டுட்டார்! காற்றை அதட்டிட்டார்! இனி பயமில்லை, வீட்டுக்குப் போகலாம்!" என்று சத்தமிட்டேன். அல்லேலூயா சத்தம் கூரையைத் தொட்டது. சிலர் எழுந்து கதவுப் பக்கம் போனார்கள்.

மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். நம்ம சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆயுசெல்லாம் கடலில் தொழில் செய்தவர்.

"தம்பி, யாரையும் போகச் சொல்லாதீங்க. இது ஓயலை. புயலோட கண்ணு நம்ம தலைக்கு மேல நிக்குது. இவ்வளவு நேரம் வடக்கேருந்து அடிச்சுது, இனிமே தெக்கேருந்து அடிக்கும். எழுபத்தேழு புயல்ல எங்கண்ணன் இப்படித்தான், ஓஞ்சுபோச்சுன்னு மாட்டைப் பார்க்கப் போனான். திரும்பி வரலை."

எனக்குக் கோபம் வந்தது. அவிசுவாசமாய்ப் பேசுகிறாரே என்று நினைத்தேன். அவரோ என்னோடு வாதாடாமல், கதவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார். எழுந்தவர்கள் தயங்கி நின்றார்கள். ஆனால் நம்ம வாலிப சகோதரன் ஒருவன் அதற்கு முன்னமே வெளியே போய்விட்டான். புதிதாய் வாங்கின வலை வீட்டில் இருந்தது. பாஸ்டர் சொல்லிட்டாரே என்று நம்பிப் போனான்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தெற்கேயிருந்து காற்று பாய்ந்தது. விடிந்தபிறகு அவனை ஒரு தென்னைமரத்தடியில் கண்டெடுத்தோம். உயிர் இருந்தது, கர்த்தருக்கே ஸ்தோத்திரம். கால் நொறுங்கியிருந்தது. இன்றைக்கும் அவன் தாங்கித் தாங்கி நடந்து ஆராதனைக்கு வருகிறான். அந்தக் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெஞ்சின்மேல் நின்று நான் சொன்ன வார்த்தை எனக்குக் கேட்கிறது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, புயல் என்பது வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து பலம் எடுத்துச் சுழல்கிற காற்று. நம்ம பக்கத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். நடுவில் இருக்கிற கண்ணில் அமைதி. அந்தக் கண்ணைச் சுற்றியிருக்கிற வளையத்தில்தான் காற்று மகா உக்கிரம். ஆகவே கிழக்கேயிருந்து வருகிற புயலின் கண் நம்மைக் கடந்தால், முன்பாதியில் வடக்கிலிருந்தும் பின்பாதியில் தெற்கிலிருந்தும் அடிக்கும். முதல் காற்று மரத்தின் வேரை அசைக்கும். திரும்புகிற காற்று அதைச் சாய்க்கும்.

அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். பயணம் ஆபத்தானது என்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியின் பேச்சை நம்பினான். அப்போது தெற்கிலிருந்து இதமான காற்று வீசினது. நினைத்தது நடந்துவிட்டது என்று நங்கூரம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்துக்குள் யூரோக்கிலிதோன் கப்பலின்மேல் மோதினது. அங்கே மாலுமியை நம்பி ஊழியக்காரனைத் தள்ளினார்கள். இங்கே ஊழியக்காரனாகிய நான், கடலை அறிந்தவரின் வாயில் கர்த்தர் வைத்த எச்சரிப்பைத் தள்ளினேன். இரண்டு இடத்திலும் ஏமாற்றினது ஒன்றுதான்: நடுவிலே வந்த அமைதி.

நம்ம ஜீவியத்திலும் இப்படி உண்டா இல்லையா? குடியை விட்டு மூன்று மாதம் ஆச்சு, இனி ஜெபம் எதற்கு என்கிறான் ஒருவன். வீட்டில் சண்டை ஓய்ந்தது, ஒப்புரவாகாமலே இருந்துவிடலாம் என்கிறாள் ஒருத்தி. வியாதி கொஞ்சம் குறைந்தது, மருந்தையும் நிறுத்தி உபவாசத்தையும் நிறுத்துகிறோம். இது ஓய்வு அல்ல, கண். வேர் அசைந்திருக்கிறது, ஜாக்கிரதை!

புயல் விழுந்த இடத்தில் பாவம் அதிகம் என்று யாரும் சொல்லவேண்டாம். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைக்குறித்து ஆண்டவர் என்ன சொன்னார் என்று லூக்கா 13இல் பாருங்கள். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்தன. ஜெபிக்கிறவன் தோப்பும் விழுந்தது, ஜெபிக்காதவன் தோப்பும் விழுந்தது. கம்பம் நட அந்நிய மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த தொழிலாளிகளை நினைத்து இன்றைக்கும் ஸ்தோத்திரம் பண்ணுகிறேன்.

பவுல் கடைசியாக ஒன்று சொன்னார்: இவர்கள் கப்பலில் தங்கியிருந்தால்தான் நீங்கள் தப்ப முடியும். அன்றைக்கு அந்த வார்த்தைக்குக் கீழ்ப்படிந்தார்கள். கப்பல் உடைந்தது, ஆனாலும் 276 பேரும் கரை சேர்ந்தார்கள். ஒருவனும் சேதமாகவில்லை. தேவஜனமே, காற்று முழுதும் கடந்துபோகிறவரைக்கும் தங்கியிருங்கள். ஜெபத்தில் தங்கியிருங்கள், ஐக்கியத்தில் தங்கியிருங்கள். எச்சரிக்கிறவர் நம்ம சபைக்காரரா என்று பார்க்காதீர்கள். அவர் சொல்வது உண்மையா என்று பாருங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. கதவுக்குக் குறுக்கே கைவிரித்து நின்ற அவரை நான் மறக்கமாட்டேன். அப்படி நிற்கிற ஊழியக்காரனாய் என்னை மாற்றும் என்று ஜெபிக்கிறேன். நீங்களும் எனக்காக ஜெபியுங்கள். ஆமென்.

உங்கள் ஊழியச் சகோதரன்